இழவும் இளிவும்

அழுகை என்னும் மெய்ப்பாடு எவற்றால் தோன்றும் என்பதைத் தொல்காப்பியர் நான்காகப் பகுத்துக் காட்டினார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல் இளிவு. அன்புக்குரியாரை இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. இல்லாமை வறுமை. தமிழ் இலக்கியம் பயின்ற மாணவர்களுக்கு இதனைப் பல ஆண்டுகள் நான் கற்பித்திருக்கிறேன். கரும்பலகையில் நான்கு கோடுகள் இட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டும் எழுதிப் போடுவேன். மாணவர் எழுதிக்கொள்வர், தேர்விலும் பிழையின்றி எழுதுவர். ஆனால், இழவால் அழுகின்ற ஒருவனுக்கு இளிவையும் சேர்த்து அளிக்கும் கொடுமை ஒன்று உண்டு என்பதையும், அதனை நல்லெண்ணம் உடையவர்களே பெரும்பாலும் செய்கிறார்கள் என்பதையும் நான் ஏட்டில் கற்கவில்லை. 2006-ஆம் ஆண்டில் ஒரு பதினைந்து வயதுச் சிறுவனிடம் கற்றேன். கற்பித்தவன் அவன், பிழை செய்தவன் நான். அதனை ஆசிரிய நண்பர்களுக்கும் நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களுக்கும் சொல்லிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

அதற்கு முன் என் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தெலுக் இந்தான் நகரம் 1982-ஆம் ஆண்டு வரை தெலுக் ஆன்சன் என்றே வழங்கியது. 1885-இல் எழுப்பப்பெற்ற சாய்ந்த கோபுரம் அன்றும் இன்றும் அதன் அடையாளம். அந்நகரை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். 1964-ஆம் ஆண்டில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, என் தாய் காய்ச்சலில் இறந்தார். விடியுமுன் பெரட்டுக்களத்துக்குப் போய், மரம் வெட்டி, மங்குகளைத் துடைத்துப் பால் எடுத்த கைகள் அவை. தப்பு முழங்கியது. பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. அவ்வாண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. லயத்தில் இருந்த அனைவருக்கும் அது தெரிந்திருந்தது.

கருமாதி முடிந்து சில நாளில் தோட்டப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பெயர்கள் எழுதினார்கள். அதற்கு முந்திய ஆண்டுகளில் நான்தான் பாடுபவன். என் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. எங்கள் தமிழாசிரியர் பட்டியலைக் கையில் எடுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். சிவப்புப் பென்சிலால் என் பெயரின்மேல் மெல்லிய கோடு ஒன்று இழுத்து, பக்கத்தில் 'அடுத்த ஆண்டு' என்று எழுதினார். அவ்வளவுதான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதல் உரைக்கவும் இல்லை. ஆனால், இந்தப் பள்ளியில் என் துக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அந்தச் சிவப்புக் கோடு எனக்கு உணர்த்தியது. அடுத்த ஆண்டு நான் பாடினேன்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, பட்டியலும் பென்சிலும் என் கைக்கு வந்தன. என்னால் அந்தக் கோட்டை இழுக்க முடியவில்லை.

அப்போது நான் ஓர் இடைநிலைப் பள்ளியில் வழிகாட்டி ஆலோசக ஆசிரியராக இருந்தேன். பள்ளியின் விடுதியில் பூர்வகுடி மாணவர் சிலர் தங்கிப் படித்தனர். அவர்களுள் மூன்றாம் படிவத்தில் பயின்ற ஒருவனைப் பற்றியதே இக்கட்டுரை. அவன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதாமைக்குக் காரணம் பின்னர் விளங்கும்.

அவன் செமாய் இனத்தவன். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினரை நெகிரித்தோ, செனோய், மூத்த மலாயர் என மூன்று பெரும்பிரிவாகவும், அவற்றுள் பதினெட்டுச் சிற்றினங்களாகவும் அரசு வகைப்படுத்தியிருக்கிறது. செனோய்ப் பிரிவைச் சேர்ந்த செமாய் மக்கள் பேராக், பகாங் மாநிலங்களின் மலைச்சாரல்களில் வாழ்கின்றனர். தாப்பா, பீடோர், சுங்கை ஊர்களுக்குக் கிழக்கே எழும் மலைகள் அவர்களுடைய பழைய இருப்பிடம். அவர்களின் மொழி மலாய் அன்று. மோன், கெமேர் மொழிகளோடும், இந்தியாவில் சந்தாலி முதலிய மொழிகளோடும் தொலைவான உறவுடைய ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்து மொழி. நம்மில் பலருக்கு இவையெல்லாம் தெரியாது. பீடோர்ச் சாலையோரத்தில் பெத்தாய்க் கட்டும் டுரியானும் விற்பவர்கள் என்ற அளவிலேயே அவர்களை அறிவோம். தோட்டங்களில் நம் பெரியவர்கள் அவர்களைச் 'சக்காய்' என்று அழைத்தார்கள். அஃது இழிசொல் என்பதை அறியாமலே நானும் சிறுவயதில் சொல்லியிருக்கிறேன். நம்மைப் பிறர் இழித்துக் கூறிய சொற்களுக்காக வெகுண்டெழும் நாம், நாம் பிறரை இழித்துக் கூறிய சொற்களையும் நினைவில் வைத்தல் நேர்மையாகும்.

அவ்வாண்டு சூன் விடுமுறைக்குப் பின் ஒரு நாள் விடுதிக்குச் செய்தி வந்தது. அவனுடைய அண்ணன் பெத்தாய் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தபோது மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். விடுதி விதிப்படி மூன்று நாள் விடுப்பு வழங்கப்பட்டது. நான்காம் நாள் அவன் திரும்பி வந்தான். அழவில்லை. கேட்டதற்கு ஆம், இல்லை என்று மட்டும் சொன்னான். வகுப்பில் சாளரத்தின் பக்கம் பார்த்தபடி இருந்தான். நான் அவனுக்கு ஒரு நலக் கோப்பைத் திறந்தேன்.

அக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றி ஒரு சொல். எலிசபெத் கூப்ளர் ரோஸ் என்னும் மருத்துவர் 1969-இல் வெளியிட்ட நூலில், சாவை எதிர்நோக்கும் நோயாளிகளின் மனநிலையை மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து படிகளாகக் கூறினார். சாகப்போகிறவர்களிடம் கண்டறிந்த அந்தப் படிகளைப் பின்னர் உலகமெங்கும் சாவைக் கண்டவர்கள்மீதும் பொருத்தினார்கள். நானும் பொருத்தினேன். துக்கமுற்றவன் பேச வேண்டும், இறந்தவரைப் பெயர் சொல்லி நினைவுகூர வேண்டும், அழ வேண்டும், பிறகு இயல்பான செயல்களில் ஈடுபட வேண்டும். இதுவே நான் அறிந்த மருந்து. அவனைத் தனியறைக்கு அழைத்து, அண்ணனின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கூறும்படி கேட்டேன். அவன் தலை கவிழ்ந்தது. மீண்டும் பெயரைச் சொன்னேன். அவன் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. கோப்பில் 'மறுப்பு நிலை' என்று எழுதினேன்.

இந்நேரத்தில்தான் அந்தப் பண்பாட்டு விழா வந்தது. மாநிலத்திலிருந்து விருந்தினர் வருவதாக இருந்தது. மலாய் மாணவர்களின் சாப்பின், சீன மாணவர்களின் விசிறி நடனம், நம் மாணவர்களின் கோலாட்டம் ஆகியவற்றோடு பூர்வகுடி மாணவர்களின் செவாங் ஆட்டமும் இடம்பெற வேண்டும் என்று முடிவாயிற்று. நிகழ்ச்சிப் பொறுப்பு என்னுடையது. செவாங் ஆடத் தெரிந்தவர்களில் அவனே தலைசிறந்தவன். முந்திய ஆண்டில் ஓலைமுடி சூடி அவன் ஆடியதைப் பார்த்து விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பட்டியலில் அவன் பெயர் முதலாவதாக இருந்தது.

முதல் ஒத்திகைக்கு அவன் வரவில்லை. இரண்டாம் ஒத்திகைக்கு அழைத்து வந்தார்கள். ஓலைமுடியைக் கையில் கொடுத்தார்கள். அதைத் தலையில் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். மூங்கில்களைத் தரையில் தட்டி ஒலியெழுப்பினார்கள். அவன் கால்கள் அசையவில்லை. மற்ற மாணவர் சிரித்தார்கள். பொறுப்பிலிருந்த ஆசிரியர் ஒருவர் சினந்து, அவனை வெயிலில் நிறுத்தினார். ஒழுங்கீனம் என்று பதிவேட்டில் குறித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவனை அழைத்து இனிய சொற்களால் பேசினேன். "ஆடினால் மனம் இலேசாகும், தம்பி. உன் அண்ணனும் அதைத்தான் விரும்புவான்" என்றேன். வெயிலில் நிறுத்திய ஆசிரியரின் கடுமையைவிட என் இனிமையே அவனை அதிகமாகப் புண்படுத்தியிருக்கும் என்று இன்று நினைக்கிறேன். கடுமைக்கு எதிராக மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளலாம். இனிமைக்கு எதிராக என்ன செய்வது? அவன் தரையைப் பார்த்தபடி, "சரி, ஐயா" என்றான். நான் மகிழ்ந்தேன்.

மறுநாள் காலையில் அவன் படுக்கை காலியாக இருந்தது.

அனுமதியின்றி விடுதியை விட்டு வெளியேறினால் விடுதியிலிருந்து நீக்கப்படுவது விதி. நீக்கப்பட்டால் அவன் படிப்பு அன்றோடு முடியும்; அக்டோபரில் மூன்றாம் படிவத் தேர்வு. கூட்டம் கூடியது, இருபது நிமிடத்தில் முடிவுக்கு வரும் நிலை. அப்போது நான் எழுந்து, "ஒரு வாரம் பொறுங்கள். நான் போய்ப் பார்த்து வருகிறேன்" என்றேன். அறம் பற்றி எழுந்தேன் என்று சொல்ல விரும்பவில்லை, அச்சத்தால் எழுந்தேன். அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்பதே எங்களுக்குத் தெரியாது.

பூர்வகுடி நலத்துறையின் களப்பணியாளர் ஒருவரும் சக ஆசிரியை ஒருவரும் உடன்வர, சங்காட் ஜோங் கடந்து பீடோர் சென்று, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினோம். வழியில் களப்பணியாளர் பேசிக்கொண்டே வந்தார். அவசரகாலத்தில், 1948-க்குப் பின், பூர்வகுடி மக்களைக் காடுகளிலிருந்து பெயர்த்து முள்வேலி முகாம்களில் அடைத்ததையும், அங்கே பலர் நோயாலும் மனமுடைந்தும் மாண்டதையும் சொன்னார். அதற்கும் முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமை பிடிப்போர் காட்டுக்குள் புகுந்து பெரியவர்களைக் கொன்று பிள்ளைகளைக் கவர்ந்து சென்றதையும் சொன்னார். "அந்நியர் வந்து பிள்ளையைக் கேட்டால் இவர்களுக்கு அது புதுக்கதை அன்று" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

சிறுவன் வீட்டில்தான் இருந்தான். எங்களைக் கண்டதும் உள்ளே சென்றுவிட்டான். அவனுடைய தாய்மாமன் எங்களை வரவேற்றார். வீட்டில் அமைதி. வானொலி இல்லை, பிள்ளைகளின் கூச்சலும் இல்லை. ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார்கள்.

நான் தயங்கினேன். இழவு வீட்டில் கை நனைக்கக் கூடாது, போகும்போது 'வருகிறேன்' என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் லயத்தில் நான் வளர்ந்த முறை. என் தயக்கத்தைக் கண்ட ஆசிரியை, "ஐயா, கெம்புனான்" என்று மெல்லக் கூறினார். எதிரே வைத்த உணவைத் தொடாமல் சென்றாலோ, விரும்பியது கிடைக்காமல் போனாலோ தீங்கு நேரும் என்பதைக் குறிக்கும் அச்சொல்லை மலாய் அண்டைவீட்டாரிடம் நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். செமாய் மக்களிடம் அந்த எண்ணம் இன்னும் ஆழமானது. ஒருவர் விருப்பத்தை நிறைவேறாமல் விடுவது அவரை ஆபத்துக்குள் தள்ளுவதாகும் என்று அவர்கள் கருதுகின்றனர். நான் உண்ணாமல் எழுந்தால், ஏற்கெனவே ஒருவனை இழந்த அந்த வீட்டார் என் பயணத்தை நினைத்தும் அஞ்சியிருப்பார்கள். கிழங்கை எடுத்து உண்டேன். என் முறையை நான் அன்று மீறினேன். ஆனால் என் தாய் அங்கே இருந்திருந்தால் 'சாப்பிடு' என்றுதான் சொல்லியிருப்பார்.

மாலையில் ஊர்த்தலைவராகிய தோக் பாத்தினின் வீட்டில் அனைவரும் கூடினார்கள். செமாய் மக்கள் பூசலையும் மனத்தாங்கலையும் தீர்க்கும் முறை இது. 'பெச்சாரா' என்று அதனை அழைக்கின்றனர். முதியவர்கள் முதலில் பேசினார்கள். ஒருவரையொருவர் சார்ந்தே ஊர் வாழ்கிறது என்பதை நீண்ட நேரம் எடுத்துச் சொன்னார்கள். பிறகு, சொல்ல விரும்பிய ஒவ்வொருவரும் சொல்லி முடிக்கும்வரை பேசினார்கள். இடைமறிப்பவர் இல்லை. குரல் உயர்த்துபவர் இல்லை. சொன்னதையே மறுபடி சொன்னாலும் கேட்டார்கள். யாருக்கும் சொல்ல எஞ்சியது ஒன்றும் இல்லை என்ற நிலை வரும்வரை அது நீளும். சில வேளைகளில் நாள் கணக்காகவும் நீளும் என்றார்கள். எங்கள் பள்ளிக் கூட்டத்தின் இருபது நிமிடம் எனக்கு நினைவுக்கு வந்தது.

நள்ளிரவை நெருங்கும்போது தாய்மாமன் பேசினார். களப்பணியாளர் மலாயில் எடுத்துச் சொன்னார்.

"சிகு, நீங்கள் நல்லவர் என்று பையன் சொன்னான். அதனால்தான் உங்களிடம் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் சாவு விழுந்தால், துக்கம் முடிக்கும் விருந்து நடக்கும்வரை ஆட்டமும் பாட்டும் இல்லை. மூங்கிலைத் தட்ட மாட்டோம். அவன் மூங்கில் ஒலிக்கு ஆடினால், அண்ணனைத் தனியே விட்டுவிட்டு மகிழ்ந்தவன் ஆவான். பிறகு அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் யாரிடம் கேட்பது?"

சற்று நிறுத்தி, தாழ்ந்த குரலில் மேலும் சொன்னார். "போனவனின் பெயரையும் நீங்கள் சொன்னீர்களாம். எங்கள் வீட்டில் இப்போது அதைச் சொல்வதில்லை."

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார். அதனால்தான் அது என் நெஞ்சில் ஆழமாக இறங்கியது.

அவ்விரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் வகுப்பில் நடத்திய புறநானூற்றுப் பாடல் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது அது. இளைஞரும் மகளிரும் சூடாத, பாணனும் பாடினியும் அணியாத மலராகிவிட்ட பின்னும் ஏன் பூத்தாய் என்று முல்லையைப் பார்த்துக் கேட்கும் கையறுநிலை. வீரன் இறந்த நாட்டில் யாரும் பூச்சூட மாட்டார் என்பதை எத்தனை மாணவர்க்கு உருக்கமாக விளக்கியிருப்பேன்! ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாணன் பூச்சூட மறுத்தால் அது நமக்கு இலக்கியம். என் கண்ணெதிரே ஒரு சிறுவன் ஓலைமுடி சூட மறுத்தபோது அஃது ஒழுங்கீனம். என் தாய் இறந்த ஆண்டில் நான் பாடாமல் இருந்தது மரபு. அவன் ஆடாமல் இருந்தது மறுப்பு நிலை. இழவோடு வந்தவனுக்கு நாங்கள் இளிவையும் கொடுத்து அனுப்பினோம்.

விடிந்ததும் பையனிடம் சென்றேன். அவன் முகத்தைப் பாராமல், பக்கத்தில் அமர்ந்து, "நான் தவறு செய்தேன். எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் இருவரும் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னர் அவனே எழுந்து சென்று எனக்குத் தேநீர் கொண்டுவந்தான்.

இனி, செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடியவை இவையே. விருந்து என்று நடக்கும் என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டு அறிந்தோம். அந்த நாள் வரை விடுப்பு வேண்டி, ஊர்த்தலைவரின் ஒப்பத்தோடு கடிதம் கொடுத்தோம். இடையில் தவறும் பாடங்களைச் சக ஆசிரியை எழுதித் தர, வாரம் ஒருமுறை களப்பணியாளர் கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டாரோடு பேசுவதற்குத் தாய்மாமன் ஒருவரே என்று வைத்துக்கொண்டோம். துக்க வீட்டில் ஆளுக்கொருவர் போய் ஒரே கேள்வியைக் கேட்பது தொல்லை. விடுதியில் அவன் படுக்கையை அவன் ஊர்க்காரனும் உறவினனுமாகிய மூத்த மாணவனின் படுக்கைக்கு அருகே மாற்றினோம். ஒழுங்கீனக் குறிப்பை நீக்கும்படி எழுதிக் கேட்டேன். அதற்குத்தான் நெடுநாள் ஆயிற்று. 'எல்லாருக்கும் ஒரே விதி' என்றார்கள். "எல்லாருக்கும் ஒரே விதியாயின், தாயை இழந்த தமிழ்ப் பிள்ளையைத் தீபாவளி விருந்தில் ஆடச் சொல்வீர்களா? தந்தையை இழந்த சீனப் பிள்ளைக்குப் புத்தாண்டில் சிவப்பு உடுத்துவீர்களா?" என்று கேட்டேன். அதற்குப் பின் ஒருவரும் பேசவில்லை. குறிப்பு நீங்கியது. விழாவில் செவாங் இடம்பெறவில்லை. மற்றப் பூர்வகுடி மாணவர்களும் அவன் துக்கத்தை மதித்து ஆட விரும்பவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அவர்களையும் யாரும் கேட்கவில்லை.

கோப்பில் 'மறுப்பு நிலை' என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'துக்கம் காக்கிறான்' என்று எழுதினேன்.

துக்கம் முடிக்கும் விருந்துக்கு என்னையும் அழைத்தார்கள். உணவுக்குப் பின் இரவில் விளக்குகளை அணைத்தார்கள். இருளில் மூங்கில்கள் ஒலிக்கத் தொடங்கின. ஒரு முதியவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். தரைப்பலகை அதிர்ந்தது. ஆடியவர்களில் அவனும் இருந்தான் என்பது அருகில் இருந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவனை நான் பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதற்காக அவன் ஆடவும் இல்லை. மேடை விளக்கில் நாங்கள் கைதட்டி மகிழ்ந்தது எதனை என்பது அந்த இருளில் எனக்கு விளங்கியது.

குறித்த நாளில் அவன் பள்ளிக்குத் திரும்பினான், தேர்வும் எழுதினான். பெரிய மதிப்பெண் பெற்றான் என்று சொல்லிக் கதையை இனிமையாக்க நான் விரும்பவில்லை. தேறினான், ஐந்தாம் படிவம்வரை படித்தான். அவன் ஊரிலிருந்து அவ்வளவு படித்தவர் அதற்கு முன் சிலரே. நான் 2010-இல் ஓய்வு பெற்றேன்.

இந்நிகழ்ச்சியை எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு செய்தி வந்தது. கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங் மாவட்டத்துப் போஸ் தோஹோயில், விடுதியில் தங்கிப் படித்த பூர்வகுடிச் சிறுவர் எழுவர், ஆற்றில் குளித்ததற்காகத் தண்டிக்கப்படுவோம் என்று அஞ்சிக் காட்டுக்குள் சென்றுவிட்டார்கள். 47 நாள்களுக்குப் பின் இரு சிறுமியர் மட்டும் உயிரோடு மீட்கப்பட்டனர். ஐவர் மீளவில்லை. செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 2006-இல் காலியாக இருந்த அந்தப் படுக்கையை நினைத்தேன். என் மாணவன் பாதை தெரிந்தவன். பேருந்து ஏறத் தெரிந்தவன். அதனால் வீடு சேர்ந்தான். எங்கள் பிழைக்கும் ஒரு பெருந்துயருக்கும் இடையே இருந்தது அவ்வளவே.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் இதை ஒத்த மரபு உண்டு. பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைத் துக்கக் காலத்தில் சொல்வதில்லை. அதே பெயருடைய வேறொருவர் இருந்தால் அவரையும் மாற்றுப்பெயரால் அழைப்பர். இறந்தோரின் படமோ குரலோ இடம்பெறும் நிகழ்ச்சிக்கு முன் தொலைக்காட்சியில் எச்சரிக்கை சொல்வது அந்நாட்டில் இன்று வழக்கமாகிவிட்டது. துக்கக் கடனுக்காகப் பல அலுவலகங்கள் தனி விடுப்பும் அளிக்கின்றன. பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் பேரவை 2007-இல் நிறைவேற்றிய பிரகடனத்தை மலேசியாவும் ஆதரித்தது. பிரகடனங்கள் நல்லவையே. ஆனால் அவை ஒரு விடுதியின் வாயிலைத் தாண்டி உள்ளே வருவதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

அந்த ஆசிரியர் எல்லா இனத்தின் எல்லா முறைகளையும் கற்றவராக இருக்க வேண்டியதில்லை. அஃது யாராலும் ஆகாது. செமாய் வழக்கம் தெமியார் வழக்கம் அன்று. ஓர் ஊர் வழக்கம் அடுத்த ஊர் வழக்கமாக இல்லாமலும் இருக்கலாம். என் அன்றைய பிழை அறியாமை மட்டும் அன்று. அறியாமை மன்னிக்கத்தக்கது. அறியேன் என்பதை உணராமல், என் மருந்தே எல்லார்க்கும் மருந்து என்று நம்பியது என் பிழை. "உங்கள் வீட்டில் எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தோட்டப் பள்ளியின் தமிழாசிரியர் அதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் எங்களில் ஒருவர். நாம் பிறருடைய பிள்ளைகளுக்கு ஆசிரியராகும்போது கேட்டே ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பீடோர்ச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திப் பெத்தாய் வாங்கினேன். விற்றவர் என்னை உற்றுப் பார்த்து, "சிகு" என்றார். அவனேதான். பக்கத்தில் ஒரு சிறு பையன் நின்றான். தன் மகன் என்றான். பணம் வாங்க மறுத்தான். மறுத்தால் அவன் மனம் நோகும் என்பது எனக்கு இப்போது தெரியும், வாங்கிக்கொண்டேன். சிறுவனின் பெயரைக் கேட்டேன். அவன் சொன்ன பெயரை நான் முன்பே அறிவேன். ஒரு காலத்தில், சொல்லக் கூடாத நேரத்தில், இருமுறை நான் சொன்ன பெயர் அது.

இப்போது அதைச் சொல்லலாமா என்று அவனைப் பார்த்தேன். அவன் சிரித்துத் தலையசைத்தான். பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தேன்.